பச்சைநீல முகத்துக்கு ஆறு பல்

அந்த முகம் ஈரிழைத் துண்டில் சுற்றி வந்தது. கருப்புசாமி அதை என் மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார். பிப்ரவரி கடைசி வாரம். காலை பத்தரை மணி.

நாங்கள் பல் செய்கிறவர்கள். சரவணம்பட்டியில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் லேப். டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். நாங்கள் கேப், பிரிட்ஜ், செட்டுப்பல் செய்து திருப்பி அனுப்புவோம். பிரகாசம் அண்ணன் முதலாளி. நானும் சித்திகாவும் வேலை செய்கிறோம். நோயாளிகள் நேராக மேலே ஏறி வருவது குறைவு.

கருப்புசாமி வருவார். அவருடைய மனைவி நாச்சியம்மாளுக்கு வாயில் புற்றுநோய். மேல்தாடையில் பாதியை எடுத்துவிட்டார்கள். சோறும் தண்ணீரும் மூக்கு வழியாக வராமலிருக்க அண்ணத்தை அடைக்கும் தகடு ஒன்றை நான் செய்து கொடுத்தேன். புண் மாற மாற மூன்று முறை செய்தேன். அப்படிப் பழக்கம்.

துண்டுக்குள் இருந்தது மரத்தில் செதுக்கிய முகம். ஆள் முகத்தின் அளவு. நெற்றி, கன்னம், மூக்கு எங்கும் பச்சைநீலக் கல் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். பெரியது நகத்தின் அளவு. சிறியது அரிசியில் பாதி. இரண்டு கற்களுக்கு நடுவில் ஊசி இறங்க இடமில்லை. கண்ணுக்கு வெள்ளைச் சிப்பி, அதன் நடுவில் துளை. காதோரம் இரண்டு பக்கமும் கயிறு கோக்க ஓட்டை. வாய் திறந்திருந்தது. மேல்வரிசையில் ஆறு குழிகள். பல் ஒன்றுகூட இல்லை.

கருப்புசாமி நெசவு மெஷின் நிறுவுகிற ஃபிட்டராக இருந்தவர். கோயமுத்தூர்க் கம்பெனி ஒன்று அவரை மெக்சிகோவில் புவெப்லா என்ற ஊருக்கு அனுப்பியது. அங்கே நான்கு வருஷம் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் நாச்சியம்மாளும் போய் இருந்தாள். அந்தப் பக்கத்து மலைக்காரர்கள் மிக்ஸ்டெக் என்றார். பழைய காலத்தில் அஸ்டெக் அரசர்களுக்கே இவர்கள்தான் கல் பதித்தும் பொன் வார்த்தும் கொடுத்தார்களாம். இந்த முகம் புதிது. மலையூர்க்காரர் ஒருவர் பழைய முறையில் செய்தது. பழசை நாட்டைவிட்டு வெளியே கொண்டுவர முடியாது, அது சரியும் இல்லை என்றார். பல்லுக்குக் கிளிஞ்சல் வைத்திருந்தார்கள். ஒட்டியது மரப்பிசின். அவர் ஊரான அன்னூர் வெயிலுக்குப் பிசின் காய்ந்து ஒவ்வொன்றாக விழுந்தது. கூட்டுகிறபோது குப்பையோடு போய்விட்டது.

பொன் வார்ப்பதை அவர் கையால் காட்டினார். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் பொன்னை ஊற்றுவது. பிரகாசம் அண்ணன் சிரித்தார். நாங்கள் கேப் வார்ப்பதும் அதேதான். அந்தக் காலத்தில் அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் முன்பல்லில் துளையிட்டு இதே கல்லைப் பதித்துக்கொள்வார்கள் என்றார் கருப்புசாமி. சித்திகா எழுந்து வந்து பார்த்தாள்.

இது எதற்கு வேண்டும் என்று அண்ணன் கேட்டார்.

"அவளுக்குத்தானுங்க," என்றார் கருப்புசாமி. "ஆன பொறவு."

சித்திகா தன் நாற்காலிக்குத் திரும்பிப் போனாள். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

அவரே தொடர்ந்தார். அங்கே பழைய காலத்தில் பெரிய இடத்துச் சாவில் உடம்பைத் துணியில் சுற்றி, முகத்தின்மேல் இப்படி ஒரு முகம் கட்டுவார்களாம். வாய்க்குள் ஒரு பச்சைக்கல் மணியை வைப்பார்களாம். போகிற வழியில் அதுதான் செத்தவனுக்கு இதயம். மணி வேண்டாம், பல் மட்டும் போதும் என்றார். டாக்டர் சித்திரை வரை என்று சொல்லியிருக்கிறார். புண் கன்னத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவர். இது என்ன பாவத்தில் சேரும் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் சரி என்றேன்.

அந்த வருஷம் யார் எது கேட்டாலும் நான் சரி என்றுதான் சொன்னேன்.

என் மனைவி ரெபேக்கா போய் அப்போது பத்து மாதம். மதுக்கரையில் பள்ளிக்கூட டீச்சர். ஸ்கூட்டரில் போய் வருவாள். சிமென்ட் லாரி. மார்ச்சுவரியில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர், முகத்தைப் பார்க்க வேண்டாம் தம்பி என்றார். சரி என்றேன். பெட்டியை ஆணி அடித்தே கொடுத்தார்கள். ஆலயத்தில் பெட்டிமேல் ஒரு போட்டோ வைத்தார்கள். எல்லாரும் போட்டோவைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒரு மாதத்துக்குள் அவளுடைய சேலைகள், செருப்பு, பைகள், சீப்பு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். யாருக்கு என்று நினைவில்லை. நகைகளை அத்தையிடம் கொடுத்தேன். வீட்டில் ஒரு பாய், ஒரு மின்விசிறி, அடுப்பு மிஞ்சின. அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. வேலை செய்தேன்.

மார்ச் முதல் வாரம் அன்னூருக்குப் போனேன். முகம் நாச்சியம்மாளுக்குப் பொருந்துமா என்று அளவெடுக்க வேண்டும். உயிரோடு இருக்கிறவருக்கு அப்படி அளவெடுப்பது முதல் தடவை. அளவுகோலையும் மெழுகுத் தகட்டையும் பையில் போட்டுக்கொண்டேன்.

தோட்டத்து வீடு. வாசலில் இரண்டு தென்னை. உள்ளே ஜன்னலோரக் கட்டிலில் அவள் உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து கீழே ஒரு வெள்ளைத் துணி. நான் உள்ளே போனதும் துணியை எடுத்தாள். வாசனையை மறைக்க ஊதுபத்தி ஏற்றியிருந்தார்கள். மறையவில்லை. இடது கன்னம் இருந்த இடத்தில் கன்னம் இல்லை. உள்ளே நான் செய்த தகடு தெரிந்தது.

நான் நெற்றியில் ஆரம்பித்தேன்.

"ஏனுங்க, சேலை கட்டறதுக்கு ஜாக்கெட் அளவெடுக்கற மாதிரியே எடுக்கறீங்களே," என்றாள். சொற்கள் காற்றோடு வந்தன. புரிந்தது. "லூசா வெச்சுப்போடாதீங்க. போற வழியில கழண்டு உழுந்துரும்."

கருப்புசாமி வெளியே போய்விட்டார்.

கன்ன எலும்பை அளந்தேன். அவள் கண்ணை மூடவில்லை. இந்த முகம் ஹாலில் மாட்டியிருந்த வரைக்கும் அதைப் பேய் என்றுதான் திட்டியிருக்கிறாள். இப்போது தன் முகத்துக்கு அதுவே தேவலை என்றாள். மாசி மாதம் தங்கச்சி மாரியாத்தாள் பார்க்க வந்திருக்கிறாள். துணியை எடுத்ததும் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தாள். மறுபடி உள்ளே வரவில்லை. வாசலில் நின்றே வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"கூடப் பொறந்தவளே அப்படிங்க. சாவுக்கு வர்றவளுக என்னத்தப் பாப்பாளுக? சேலை பாக்கறதுக்குக் கல்யாணத்துக்குப் போவாளுக. எழவுக்கு வந்தா மூஞ்சியத்தான் பாப்பாளுக." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். "உங்க ஊட்டுக்காரி மூஞ்சிய நீங்க பாத்தீங்களா கண்ணு?"

கருப்புசாமி சொல்லியிருக்க வேண்டும். இல்லைங்க என்றேன்.

அவள் தலையசைத்தாள். நான் அளவுகோலைத் துடைத்துப் பையில் வைத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். கை சூடாக இருந்தது.

"வாயி மட்டும் ஓட்டையா இருக்கக்கூடாதுங்க. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

"இருக்காதுங்க," என்றேன்.

முதலில் செட்டுப்பல்லுக்குப் போடுகிற ரெடிமேட் பல் ஆறை வைத்துக் காட்டினோம். கருப்புசாமிக்குப் பிடிக்கவில்லை. அன்னூர்ச் சந்தையில் சிரிக்கிற கிழவனைப் போல இருக்கிறது என்றார். சொன்னது சரிதான். கல்லெல்லாம் கண் சிமிட்டுகிற முகத்தில் அந்தப் பல் பிளாஸ்டிக்காகத் தெரிந்தது. அவரே அதைப் பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். பீங்கானில் செய்யலாம் என்றால் எங்கள் சூளையின் சுருள் எரிந்து கிடந்தது. புதுசு வர ஒரு மாதம்.

சித்திகாதான் வழி கண்டுபிடித்தாள். லேப் அலமாரியில் ஒரு ஜாடி இருக்கும். பல் வரிசைக்குக் கம்பி போட வருகிற இளவயதுக்காரர்களுக்கு இடம் பண்ணச் சொத்தை இல்லாத நல்ல பல்லையே டாக்டர் பிடுங்குவார். முன்கடைவாய்ப் பல். பல் மருத்துவ மாணவர்கள் பயிற்சிக்குக் கேட்டு வருவார்கள் என்று அதைக் கழுவி ஜாடியில் போட்டுவைப்போம். அதிலிருந்து ஆறு எடுத்து, வேரை அறுத்து, பின்பக்கத்தைத் தேய்த்தால் குழியில் உட்காரும் என்றாள். மனிதப் பல்லைவிட மனிதப் பல் போல எது இருக்கும் என்று கேட்டாள். கருப்புசாமியிடம் சொல்ல வேண்டாம் என்றார் அண்ணன். நான் சரி என்றேன்.

நான்கு நாள் கழித்து வேலை முடிந்தது. ஆறும் ஒரே வெள்ளை. இரண்டு நாள் பெராக்சைடில் ஊறவைத்திருந்தாள். சிவப்பு மெழுகுத் தகட்டில் வரிசையாகக் குத்தி வைத்திருந்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றேன். உண்மையாகவே நன்றாக வந்திருந்தது. அவள் முகம் மலர்ந்தது. ஜாடியில் மீதியிருந்ததைக் கல்லூரிப் பெண்கள் வந்து வாங்கிப் போயிருந்தார்கள்.

அதன்பின் ஒரு மாதம் மெழுகுத் தகடு என் மேசையிலேயே கிடந்தது. நாச்சியம்மாள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். முகத்தின் பின்பக்கத்தைக் குடைந்து அளவு சரிசெய்தேன். ஓரங்களில் தோல் வைத்துத் தைத்தேன். பல்லை எதில் ஒட்டுவது என்று மட்டும் முடிவு செய்யவில்லை.

ஏப்ரலில் அத்தை போன் செய்தார். ஜெபமணி அத்தை, ரெபேக்காவின் அம்மா. இருபத்தாறாம் தேதி ஒரு வருஷம். வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டும் போனை வைக்காமல் இருந்தார்.

"மாப்பிளை, அவ சாமான் ஏதாச்சும் இருக்குதுங்களா? சீப்பு, கைக்குட்டை, எதா இருந்தாலும் சரிங்க. அன்னிக்குக் கையில வெச்சுக்கிட்டு உக்காரலாம்னு."

நகைகள் இருக்கின்றனவே என்றேன்.

"நகை கடையில வாங்குனதுங்க. அதுல அவ இல்லை."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். தேட வேண்டியதில்லை. ஒன்று இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் ரெபேக்கா எங்கள் கீழ்மாடி மருத்துவமனைக்கு வந்தாள். பல் வரிசை சரியில்லை. கம்பி போட வேண்டும். மேலே இரண்டு பல் பிடுங்கினார்கள். அச்சு என்னிடம் வந்தது. அதற்குப் பிறகு அவள் வருகிற நாட்களில் நான் ஏதாவது காரணம் சொல்லிக் கீழே இறங்கினேன். பிடுங்கிய பல் இரண்டையும் ஜாடியில் போடவில்லை. ஒரு சின்ன மருந்து பாட்டிலில் போட்டு என் டிராயரில் வைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு சொன்னேன். லூசு என்றாள். அதுவரை வாயைக் கையால் மறைத்தே சிரிக்கிறவள், அன்றைக்கு மறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்துவிடாதே என்றாள். அதனால் டிராயரிலேயே இருந்தது. அவள் போன பிறகும் நான் அதைத் திறக்கவில்லை. இருக்கிறது என்று தெரியும். அது போதுமாக இருந்தது.

போனை வைத்துவிட்டு டிராயரைத் திறந்தேன். பாட்டில் அங்கே இல்லை. கை கழுவுகிற தொட்டியோரம் இருந்தது. சுத்தமாகக் கழுவி, காய்வதற்காகக் கவிழ்த்து வைத்திருந்தது. ஒரு மாதமாக நான் அதன் பக்கத்தில்தான் கை கழுவியிருக்கிறேன்.

சித்திகாவிடம் கேட்டேன். அவளுக்கு முதலில் புரியவில்லை.

"ஜாடியில நாலுதான் அளவு ஒத்து வந்துச்சுண்ணா. உங்க டிராயர்ல ரெண்டு இருந்துச்சு. எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன். சரின்னீங்க."

கேட்டிருப்பாள். நான் தேய்ப்பு மெஷினில் குனிந்திருந்திருப்பேன். சரி என்று சொல்லியிருப்பேன்.

யாருடையது என்று சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். எது எது என்று அடையாளம் தெரியுமா என்று கேட்டேன். வேர் இருந்தால் தெரிந்திருக்கும் என்றாள். வேரைத் தேய்த்த தூளை மார்ச்சிலேயே கூட்டி அள்ளியாகிவிட்டது.

மெழுகுத் தகட்டை விளக்கடியில் வைத்து லென்ஸில் பார்த்தேன். ஆறு வெள்ளைப் பல். பல் பார்ப்பது என் தொழில். பதினொரு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். அந்த இரண்டை மட்டும் நான் ஒருநாளும் கூர்ந்து பார்த்ததில்லை.

நெஞ்சுக்குள் ஏதோ அசைந்தது. பத்துப் பன்னிரண்டு மாதமாக அசையாதது. அது துக்கமாக இருக்கும் என்று நினைத்தேன். பயம்.

ஆறையும் எடுத்துவைத்துக்கொண்டு, செட்டுப்பல் ஆறை நிறம் மாற்றிப் பதித்துக் கொடுத்துவிடலாம். ஒரு நாள் வேலை. அப்படி முடிவு செய்தபோது மணி மூன்று. மூன்றரைக்குக் கருப்புசாமியின் போன் வந்தது.

"ஆயிருச்சுங்க தம்பி," என்றார். "முகத்தக் கொண்டாங்க. சனம் வர ஆரம்பிச்சிரும்."

ரசாயனப் பசையில் ஒட்டினால் பல்லைத் திரும்ப எடுக்க முடியாது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நான் ஒட்டுமெழுகை எடுத்தேன். கேப் வேலையில் இரண்டு துண்டைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்க வைப்பது. விளக்கில் காட்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு சொட்டு விட்டு, ஆறையும் பதித்தேன். வாய் நிறைந்தது. பச்சைநீல முகம் சிரித்தது. எந்தச் சிரிப்பும் ஞாபகம் வரவில்லை. அதுவே எனக்கு மோசமாக இருந்தது.

வழியில் திட்டம் போட்டுக்கொண்டேன். ராத்திரியும் நாளைக் காலையும் சனம் முகம் பார்க்கட்டும். நாச்சியம்மாளுக்குக் கொடுத்த வாக்கு அதோடு தீரும். அவர்கள் வழக்கத்தில் சொந்தத் தோட்டத்தில்தான் அடக்கம். குழிக்குள் இறக்கும்முன் முகத்தைத் துணியால் மூடுவார்கள். கயிற்றை இறுக்க வேண்டும் என்று சொல்லி நான் குனிவேன். மெழுகில் நகத்தை நுழைத்தால் பல் வந்துவிடும். ஒரு நிமிடம். துணிக்கடியில் ஆறும் என் கைக்கு வந்துவிடும். மண்ணுக்குள் போன பிறகு வாய் ஓட்டையாக இருந்தால் யார் பார்க்கப் போகிறார்கள்?

வீட்டில் ஏற்கெனவே பந்தல் போட ஆள் வந்திருந்தார்கள். அவளை ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கருப்புசாமி என்னை மட்டும் உள்ளே விட்டு, கதவருகே முதுகைக் காட்டி நின்றார். நான் தகட்டை எடுத்தேன். வாயைப் பஞ்சால் அடைத்துத் துணியால் கட்டினேன். அதன்மேல் முகத்தை வைத்துப் பின்தலையில் கயிற்றை முடிந்தேன். அளவு சரியாக இருந்தது. லூசாக இல்லை.

முகத்தை யாரும் தொட மாட்டார்களே என்று கருப்புசாமியிடம் கேட்டேன்.

"தொடறதுக்கு என்னங்க இருக்குது? பாக்கறதுதானுங்க."

மறுநாள் வாசலில் நடக்க வேண்டியதை அவரும் மறந்துவிட்டார். எனக்கோ தெரியாது. எங்கள் வழக்கத்தில் அது இல்லை.

ஃப்ரீசர் பெட்டி வந்தது. அதில் வைத்துக் கண்ணாடியை மூடினார்கள். சனம் வரிசையாக வந்தது. முதலில் வந்தவர்கள் பெட்டியைப் பார்த்ததும் நின்றார்கள். சொந்தக்காரர் ஒருவர் இது எந்த ஊர்ப் பழக்கம் என்று கருப்புசாமியை ஒதுக்கி அழைத்துப்போய்க் கேட்டார். அவள் சொன்னது என்றார் கருப்புசாமி. ஒரு கிழவி கண்ணாடிமேல் கை வைத்துக் கும்பிட்டாள். அம்மன் மாதிரி இருக்கிறாள் என்றாள். அதன்பின் எல்லாரும் கும்பிட ஆரம்பித்தார்கள். நாச்சி சாகும்போதும் ஃபாரின் சாமான்தான் கேட்பாள் என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இரண்டு பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள்.

நான் பந்தல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக்குள் பல் வெள்ளையாகத் தெரிந்தது. ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரெபேக்காவுக்குப் பெட்டிமேல் போட்டோதான் கிடைத்தது. வரிசையில் நானும் ஒரு தடவை போய் நின்றேன். என் முறை வந்தபோது பார்த்தேன். மறுபடி பின்னால் போய் வரிசையில் நின்றேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு மேல் அவளைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசலில் பாடையில் வைத்தார்கள். வெயில் காய்ந்தது. கல்லெல்லாம் தீ மாதிரி மின்னியது. தோட்டத்துக்குப் பெண்கள் வர மாட்டார்கள். அவர்கள் செய்ய வேண்டியதை வாசலிலேயே செய்ய வேண்டும். யாரோ ஒரு முறத்தில் பச்சரிசி கொண்டுவந்து வைத்தார்கள்.

எதற்கு என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

"வாய்க்கரிசிங்க," என்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தேன். கூட்டம் நெருக்கமாக இருந்தது.

முதலில் வந்தவள் மாரியாத்தாள். மாசியில் வாந்தி எடுத்த தங்கச்சி. இன்றைக்கு அவள் பயப்படவில்லை. அக்காவின் தலைமாட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பச்சைநீலக் கன்னத்தைத் தடவினாள். கட்டிக்கொண்டு அழுதாள். அந்த முகம் இருந்ததால்தான் அவளால் அவ்வளவு பக்கத்தில் வர முடிந்தது. பிறகு ஒரு பிடி அரிசியை அள்ளி, திறந்த வாயில் போட்டாள். போட்டது உள்ளே போகாமல் பல்லில் தங்கியது. தங்கச்சி அல்லவா, கையால் ஊட்டினாள். விரலால் உள்ளே தள்ளினாள்.

ஒட்டுமெழுகு வெயிலுக்கு இளகும். அதை மட்டும்தான் கணக்கில் வைத்திருந்தேன். குளிரில் அது கண்ணாடிபோல் முறியும். ஒரு ராத்திரி முழுக்க ஃப்ரீசர் பெட்டியில் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை.

சின்னச் சத்தம். நுங்கு ஓட்டில் நகம் பட்டதுபோல. ஒரு பல் உள்ளே விழுந்தது. அவள் கையை இழுத்தாள். இழுத்ததில் இன்னும் இரண்டு. பிறகு மற்றவை தாமாகவே வரிசையாகப் போயின. பச்சைநீல முகம் வாயைப் பிளந்துகொண்டு வானத்தைப் பார்த்தது.

மாரியாத்தாள் பின்னால் சாய்ந்தாள். அவளைப் பிடித்தார்கள். மேளம் நின்றது. கெட்ட சகுனம் என்று ஒருத்தி சொன்னாள். அதைக் கழற்றித் தூரப் போடுங்கள் என்று ஓர் ஆண்குரல். பின்னாலிருந்தவர்கள் என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். நாச்சியம்மாள் எதற்குப் பயந்தாளோ அதையே எல்லாரும் பார்த்தார்கள்.

கருப்புசாமி கூட்டத்தில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார்.

"தம்பி," என்றார்.

அவ்வளவுதான். எனக்கு வழி விட்டார்கள்.

தலைமாட்டில் மண்டியிட்டேன். வாய்க்குள் விரலை விட்டேன். நான் கட்டிய துணிக்கும் மரத்துக்கும் நடுவில் பச்சரிசி கிடந்தது. அரிசியும் வெள்ளை. பல்லும் வெள்ளை. அரிசியில் கல் பொறுக்குவதுபோல் தடவித் தடவி எடுத்தேன். ஒன்று. இரண்டு. என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் அந்தச் சிப்பிக் கண்கள். துளைக்குள் இருட்டு. மூன்று. நான்கு. நூறு பேர் சுற்றி நின்றார்கள். ஐந்து.

சட்டைப்பையில் மெழுகுத் துண்டு இருந்தது. கற்பூரத் தட்டைக் கேட்டேன். சுடரில் மெழுகைக் காட்டி, இடப்பக்கத்திலிருந்து பதிக்க ஆரம்பித்தேன். இந்தத் தடவை தாராளமாக விட்டேன். ஒவ்வொன்றையும் பெருவிரலால் அழுத்தி, இறுகும்வரை பிடித்திருந்தேன். ரெபேக்காவுடையது இதில் இருக்கும் என்று தெரிந்தே என் கையால் கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

ஆறாவது குழிக்கு முன்னால் மறுபடி அரிசிக்குள் விரலை விட்டேன். உடனே தட்டுப்பட்டது. எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

பி.எஸ்சி.யில் எனக்குக் கணக்குத் துணைப்பாடம். ஆறில் இரண்டு ரெபேக்காவுடையது. கையில் இருக்கிற ஒன்று அவளுடையதாக இருக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு, யாரோ முகம் தெரியாத, கம்பி போட வந்த ஒரு பெண்ணுடையது.

"இன்னொண்ணுங்க?" என்றார் தட்டைப் பிடித்திருந்தவர்.

"கிடைக்கலைங்க," என்றேன்.

எழுந்தேன். வலது கோடியில் ஒரு குழி கறுப்பாக இருந்தது. கூட்டம் அதைத்தான் பார்த்தது. ஐந்து வெள்ளைப் பல்லைவிட அந்த ஒரு கறுப்பு பெரிதாகத் தெரிந்தது. அது ஒன்றுதான் கேட்கிறேன் என்று சொன்னவள் அப்படியே கிடந்தாள்.

கருப்புசாமி அந்தக் குழியைப் பார்த்தார். பிறகு என் இடது கையைப் பார்த்தார். அது மூடியிருந்தது. கரண்டு மீட்டர் பார்க்கிறவரைப்போல நிதானமாகப் பார்த்தார். நாற்பது வருஷம் மெஷின் பிரித்து மாட்டியவர். எந்த ஆணி எவன் பையில் போகிறது என்று அவருக்குத் தெரியும்.

"போதுங்க," என்றார்.

துணியை அவரே எடுத்து முகத்தை மூடினார். தோட்டத்தில், குழியோரத்தில், கயிற்றை இறுக்க என்னைக் கூப்பிடவில்லை. நானும் குனியவில்லை. எல்லாரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நான் வலது கையால் போட்டேன்.

வண்டியை எடுக்க இரண்டு கையும் வேண்டும். சட்டைப்பையின் மூலையில் ஒரு பல் நழுவுகிற அளவு தையல் விட்டிருந்தது. பேன்ட் பையில் போட்டால் விழுந்துவிடும் என்று தோன்றியது. வேறு இடம் தெரியவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன். நாக்குக்கு அடியில்.

கோவில்பாளையம் தாண்டியதும் போன் அடித்தது. ஓரம் கட்டினேன். ஜெபமணி அத்தை.

"மாப்பிளை, அவ சாமான் ஏதாச்சும் கிடைச்சுதுங்களா?"

பேச வாயைத் திறக்க வேண்டும்.

"மாப்பிளை? லைன்ல இருக்கீங்களா?"

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் போனைக் காதில் வைத்தபடி நின்றேன். பச்சரிசி ஒன்று பல்லோடு ஒட்டி வந்திருக்க வேண்டும். நாக்கில் அதன் மாவுச் சுவை கரைந்தது. அதன்பின் ஒரு சுவையும் இல்லை. ஏப்ரல் வெயிலில் நின்றும் பல் இன்னும் சில்லென்று இருந்தது. சூடாகும் என்று காத்திருந்தேன்.